கொட்டாய்ப் பேச்சு

எங்கள் அலுவலகத்தில் வியாழக்கிழமைதோறும் மனதை அமைதிப்படுத்தும் வகுப்பு ஒன்று நடக்கிறது. முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி, மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டும். போன வாரம் வகுப்பெடுக்கும் பெண், "உங்களுக்கு ரொம்ப நிம்மதியாக இருந்த ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார். முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஒருவருக்குக் கடற்கரை வந்ததாம். ஒருவருக்குக் கொடைக்கானல். இன்னொருவருக்கு ஏதோ மலைக்கோயில். என் முறை வந்தபோது நானும் கடற்கரை என்றே பொய் சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது? எனக்கு வந்தது நாலாயிரம் கோழிகளும் அவற்றின் எச்ச நாற்றமும். மூக்கைப் பிடிக்காமல் அதை எந்த மனிதராவது நிம்மதி என்று ஒப்புக்கொள்வாரா?

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், சாலையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் கோழிப்பண்ணை இருந்தது. பண்ணை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முட்டைக்கோழிகள் இருந்த நீளமான பெரிய கொட்டாய் ஒன்று. கிணற்றுக்கு அந்தப் பக்கம், பிணி ஒட்டிக்கொள்ளாதபடி எட்டத்தில், நோஞ்சான் கோழிகளைப் பிரித்துவைக்கும் சின்னக் கொட்டாய் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் வீடு.

முட்டைக்கோழியைப் போலப் பயந்த உயிர் உலகத்திலேயே கிடையாது. யாராவது கொட்டாய்க்குள் ஓடினால் மிரளும். ஒரு கோழி மிரண்டால் போதும், நாலாயிரமும் சேர்ந்து படபடவென்று கூண்டில் மோதிக்கொள்ளும். மறுநாள் முட்டை குறையும், ஓடில்லாத தோல்முட்டை விழும். அதனால் உள்ளே ஓடக்கூடாது. சத்தம் போடக்கூடாது. கண்ணைப் பறிக்கும் நிறத்தில் துணி உடுத்தக்கூடாது. அம்மா சேலைக்கு மேல் அப்பாவின் வெளுத்த நீலச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வாள். அப்பாவும் நீலச் சட்டை. எனக்கும் ஒன்று உண்டு, முழங்கால் வரை தொங்கும். கோழிகளுக்கு நாங்கள் மூவரும் மூன்று நீலச் சட்டைகள், அவ்வளவுதான்.

அவற்றின் வாழ்க்கை முறையைக் கேட்டால் பொறாமையாக இருக்கும். விளக்கு எரிவதும் அணைவதும் ஒரே நேரம். தீவனம் ஒரே நேரம், அதுவும் அளவோடு. நாள் முழுக்கத் தண்ணீர். வெயில் ஏறினால் கூரைமேல் தெளிப்பான் சுற்றும். மூலையில் ரேடியோ மெதுவாகப் பாடும். இப்போது மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து மனிதர்கள் கற்றுக்கொள்கிற அத்தனை ஒழுங்கையும் எங்கள் கோழிகள் சும்மா அனுபவித்தன.

ஒழுங்கு இல்லாதவர் அப்பா மட்டும்தான். அவருக்குப் பிறவியிலேயே பெரிய தொண்டை. மோட்டார் ஓடாவிட்டால் மோட்டாரிடம் கத்துவார். தீவன லாரி தாமதமானால் செல்போனில் கத்துவார். எதிர்முனையில் இருப்பவருக்குப் போனே தேவையில்லை என்று மாமா கிண்டல் செய்வார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, எடப்பாடியில் தறி வைத்திருந்தவர். கோபம் என்றில்லை, அன்பு வந்தாலும் அப்பாவுக்கு அதே தொண்டைதான். "ஏ சாமீ, சாப்டயா!" என்று அவர் வாசலில் கேட்டால் சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆனால் அதே ஆள் கொட்டாய் வாசலைத் தாண்டியதும் வேறொருவர் ஆகிவிடுவார். நடை மெதுவாகும். தொண்டை எங்கே போகுமோ தெரியாது, காதோடு சொல்வதுபோல ஒரு சின்னக் குரல் வரும். எங்கள் வீட்டில் அதற்குக் கொட்டாய்ப் பேச்சு என்று பெயர்.

கூண்டு வரிசைக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மா. நடுவில் கொக்கொக்கென்று கோழிகள். "ஏம்புள்ள, முழங்காலு வலி எப்படியிருக்குது?" என்று அப்பா கேட்பார். "பரவால்லீங்க" என்பாள் அம்மா. வீட்டுக்குள் இந்தக் கேள்வியை அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. வீட்டில் அவர் பேச்சு பெரும்பாலும் 'சாவி எங்கே' என்பதிலேயே முடிந்துவிடும். அவர்கள் இருவரும் புருஷன் பெண்டாட்டியாக இருந்தது கோழிகளுக்கு நடுவில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு சித்திரையில் அப்பாவுக்குத் தலைசுற்றல் வந்தது. நாமக்கல்லில் டாக்டரிடம் போனோம், நானும் ஒட்டிக்கொண்டு போனேன். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, மறுபடியும் அடித்து, முகத்தைச் சுளித்தார். உப்பைக் குறைக்க வேண்டும், தினமும் நாற்பது நிமிடம் நடக்க வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அப்படியே, "அதெல்லாம் கோழிக்குச் செய்யறதுதானுங்களே டாக்டர்!" என்று தன் இயல்பான குரலில் சொன்னார். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "முதல்ல இந்தக் கத்தறதை நிறுத்துங்க. இப்படியே இருந்தீங்கன்னா, ஒருநாள் கத்திக்கிட்டிருக்கும்போதே சாஞ்சிருவீங்க" என்றார்.

அம்மா என் காதைப் பொத்தப் பார்த்தாள். அதற்குள் கேட்டுவிட்டது.

அன்றிலிருந்து அப்பா ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் எனக்கு டாக்டரின் அந்த வார்த்தைதான் கேட்டது. டாக்டர் சொன்னது என்னவோ நல்லதுதான், ஆனால் நடந்ததெல்லாம் தலைகீழ். உப்பைக் குறைத்தால் சாம்பார் சப்பென்று இருக்கிறது என்று கத்தினார். சாலையோரம் நடக்கப் போனால் உரசிக்கொண்டு போகும் லாரிக்காரனைப் பார்த்துக் கத்தினார். சீக்கிரம் படுக்கச் சொன்னால், "தூக்கம் என்ன குழாய்ல வர்ற தண்ணியா, திருகுனா வர்றதுக்கு?" என்று அதற்கும் கத்தினார். அம்மா உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கொட்டாய்க்குள்ளேயே அவரை வைத்திருந்தால் சாக மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. குழந்தையின் கணக்குதான், ஆனால் தப்பான கணக்கென்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். கொட்டாயின் இந்த முனையிலிருந்து அந்த முனை போய்த் திரும்புவது ஒரு நடை. மெதுவாகப் பத்து நடை போனால் டாக்டர் சொன்ன நாற்பது நிமிடம் ஆகிவிடும் என்று அம்மாவும் சொல்லிப் பார்த்தாள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "வேலையில்லாம உள்ள போய் உலாத்துனா கோழி சிரிக்கும்" என்றார். வேலை இருந்தால் போவார் அல்லவா? நான் வேலையை உண்டாக்கினேன்.

ஒவ்வொரு கூண்டு வரிசைக்கும் தண்ணீர்க் குழாய் தனி. குழாய்த் தலைப்பில் ஒரு வால்வு. மாலை ஐந்து மணிவாக்கில் ஒரு வால்வைத் திருகி மூடிவிட்டு, வீட்டுக்கு நடந்து போய் (ஓடினால் சந்தேகம் வரும்), "அப்பா, மூணாவது வரிசைல தண்ணி வரலீங்கப்பா" என்பேன். போனைப் பாதியில் வைத்துவிட்டு அப்பா நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு வருவார். வால்வைத் திறப்பார். உள்ளே வந்தவர் சும்மா திரும்புவாரா? மற்ற வரிசைகளையும் பார்ப்பார், தீவனத்தைக் கையில் அள்ளிப் பார்ப்பார், அம்மாவின் முழங்காலை விசாரிப்பார். நான் அவர் பின்னாலேயே நடைகளை எண்ணிக்கொண்டு போவேன். சில நாள் எட்டு வரும், சில நாள் பத்து. பத்து வந்த நாளில் ராத்திரி நிம்மதியாகத் தூங்குவேன். இப்படி எட்டு நாள் ஓடியது. என்னைப் போல் கெட்டிக்காரி இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று எனக்கு நினைப்பு.

ஒன்பதாம் நாள் காலையிலேயே தீவன லாரிக்காரனோடு தகராறு. மூட்டையெல்லாம் நனைந்து வந்திருந்தது. அப்பா களத்தில் நின்று போனில் கத்துகிறார், கத்துகிறார், நிறுத்தவே இல்லை. கழுத்து நரம்பு கயிறுபோல் புடைத்துவிட்டது. மாலை வரை பொறுக்க முடியாது என்று நான் முடிவு செய்தேன். பெரிய கொட்டாயில் அம்மாவும் வேலைக்கு வரும் அக்காவும் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் கிணற்றைத் தாண்டிப் போய்ச் சின்னக் கொட்டாயின் வால்வை மூடினேன். அதில் அறுபது நோஞ்சான் கோழிகள் இருந்தன. மூடிவிட்டுத் திரும்பி வந்தால் களத்தில் அப்பா இல்லை. தீவன ஆலைக்கே நேரில் போய்க் கத்துவதற்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார்.

அந்தச் சமயம் பார்த்தா மாமாவின் கார் வந்து நிற்க வேண்டும்? அவர் பையனுக்குக் காது குத்து, எங்களை அழைத்துவிட்டு அப்படியே சேலம் செவ்வாய்ப்பேட்டையில் துணி எடுக்கப் போகிறார், "வாறயா அம்மிணி, உனக்கும் ஒரு பாவாடை எடுத்துத் தாரேன்" என்றார். முன்சீட்டில் உட்காரலாம், கண்ணாடியை இறக்கலாம், பாவாடை வேறு. வால்வாவது ஒன்றாவது! அம்மா தலையை வாரிவிட்டாள். ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் அன்று நல்ல கூட்டம். ஒரு கடையில் மாமா வேட்டி பார்த்தார், இன்னொரு கடையில் எனக்கு ரத்தச் சிவப்பில் பாவாடை எடுத்தார். நாலு மணி ஆகியும் வெயில் தாங்காமல் ஒரு கடை வாசலில் நின்று நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தார். ஐஸ் மிதந்தது. முதல் வாய் தொண்டையில் இறங்கியதும்தான் எனக்கு வால்வு ஞாபகம் வந்தது.

பாவாடைப் பையின் மேலேயே சர்பத்தைக் கொட்டிவிட்டேன்.

மாமாவின் சட்டைப் பையில் போன் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் கூப்பிட்டிருப்பார். ஆனால் எங்கள் வீட்டுக்கு இருந்தது ஒரே போன், அது அப்பாவின் பையில் இருந்தது. கூப்பிட்டால் அப்பாதான் எடுப்பார். எடுத்தால் கத்துவார். ஏற்கெனவே காலையிலிருந்து கத்தியிருக்கிறார். கத்திக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிடுவார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்தப் பக்கம் அறுபது கோழி, அந்தப் பக்கம் அப்பா. கோழிகளுக்கு நாக்கு வறளும் என்று தெரியும். அவை வாயைப் பிளந்து மூச்சு வாங்குவது கண்ணுக்குள் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

வயிறு வலிக்கிறது, வீட்டுக்குப் போக வேண்டும் என்று மட்டும் அழுதேன். மாமா கோலிசோடா வாங்கிக் கொடுத்தார். அது பலிக்காமல் போகவே, பாதித் துணியோடு கிளம்பினார். மல்லூர் தாண்டும் வரை நான் கண்ணை மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டே வந்தேன். கோழி செத்தாலும் பரவாயில்லை, அப்பா கத்தாமல் இருக்க வேண்டும். இதே வேண்டுதல்தான், திரும்பத் திரும்ப. கோழிகளை நான் கைவிட்டுவிட்டேன் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

வீட்டில் யாரும் இல்லை. நேராகக் கிணற்றைத் தாண்டி ஓடினேன். நீலச் சட்டை போடவில்லை, ஓடக்கூடாது என்பதும் நினைவில்லை. சின்னக் கொட்டாய்க்குள் அப்பா குனிந்து நின்றிருந்தார். கூண்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாகக் கிடத்திக்கொண்டிருந்தார். அம்மா கூண்டைப் பிடித்தபடி நின்றாள். அவள் கோழியைப் பார்க்கவில்லை, அப்பாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அதைத்தான் பார்த்தேன். அறுபதில் ஒரு கோழிகூட மிஞ்சவில்லை.

பின்னாலேயே வந்த மாமா, "என்னங்க மச்சான் இது, அக்கிரமமா இருக்குது!" என்று அலறினார். அப்பா உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாப் பேசு மாப்ள" என்றார். "வால்வு மூடியிருந்துச்சு."

"நாந்தானுங்க" என்றாள் அம்மா உடனே. "காலைல மருந்து கலக்கறதுக்கு மூடுனனுங்க. அப்படியே மறந்து போயிட்டேன்."

அம்மா அன்று காலை அந்தப் பக்கமே போகவில்லை. அப்பா அவளைப் பார்த்தார். அப்புறம், சர்பத் கறை படிந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ திறக்கப்போகிறது, இதோ சாயப்போகிறார்.

"செரி, உடு" என்றார்.

மாமாவும் வேலைக்கார அக்காவும் கோழிகளைக் கூடையில் அள்ளிப் பள்ளத்துக்குத் தூக்கிப் போனார்கள். அம்மாவும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கூடவே போனாள். அப்பா கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"அம்மிணி, போய் நீலச் சட்டை போட்டுட்டு வா. பத்து நடை போலாம்."

நான் போட்டுக்கொண்டு வந்தேன். அந்தச் சின்னக் கொட்டாய்க்குள்ளேயே நடந்தோம். என் காலுக்கேற்ற மாதிரி அவர் காலைச் சுருக்கி வைத்தார். நாலாவது நடையில் என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மா மூடலீங்கப்பா. நாந்தானுங்க."

"தெரியுஞ் சாமி."

"எப்படிங்கப்பா?"

"எட்டு நாளா மேல இருக்கற வால்வு ஒண்ணுகூட மூடிக்கல. உன்ற கைக்கு எட்டற வால்வு மட்டுந்தான் தானா மூடிக்குது" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை, நான் நிமிரவில்லை. "இன்னைக்கு அஞ்சு மணியாச்சு, இன்னும் கூப்புட வரலையேன்னு நானே எந்திரிச்சு வந்தேன். ஊட்ல நீ இல்ல. செரி, எந்த வரிசைன்னு நானே தேடிக்கிட்டு வந்தேன்."

அப்போதுதான் நான் அழுதேன். அதுவரை வராத அழுகை விக்கலோடு வந்தது. நீங்கள் கத்தினால் செத்துப்போவீர்கள் என்று டாக்டர் சொன்னார் என்றேன், அதனால்தான் போன் செய்யவில்லை என்றேன். எந்த வரிசையில் சொன்னேன் என்று நினைவில்லை, எல்லாம் கலந்து வந்தது. அப்பா அந்த நடையை முடித்தார். திரும்பும்போது என் தலைமேல் கையை வைத்தார்.

"நான் கத்தலியே சாமி" என்றார். "பாரு, கத்தவே இல்ல."

மறுநாளிலிருந்து நான் எந்த வால்வையும் மூட வேண்டியிருக்கவில்லை. ஐந்து மணிக்கு அவரே நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். என் பள்ளிக்கூடம், கல்லூரி, அம்மாவின் முழங்கால் ஆப்பரேஷன் எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தப் பத்து நடை மட்டும் நிற்கவில்லை. டாக்டர் பயமுறுத்தியதற்கு மேல் பல வருடங்கள் இருந்தார். கொட்டாய்க்கு வெளியே கத்துவதை மட்டும் கடைசிவரை விடவில்லை.

அவர் போய் இரண்டு வருடமாகிறது. என் போனில் அவர் அனுப்பிய குரல் பதிவுகள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கத்துகிறார். 'ஏ சாமீ, சாப்டயா' என்று அவர் கேட்டதைப் பேருந்தில் ஒருமுறை போட்டுவிட்டேன், பக்கத்திலிருந்தவர் திடுக்கிட்டு விழித்துக்கொண்டார். கத்துகிற அப்பா எனக்கு வேண்டிய அளவு இருக்கிறார். அந்தச் சின்னக் குரல்தான் எங்கேயும் இல்லை. கொட்டாய்க்குள் யார் போன் கொண்டுபோனார்கள், யார் பதிவு செய்தார்கள்? ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருக்கிறது. வியாழக்கிழமை கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சை எண்ணச் சொன்னால் நான் நடைகளைத்தான் எண்ணுகிறேன். நாலாவது நடை வந்ததும் காதைத் தீட்டிக்கொள்கிறேன்.

அன்றைக்குப் பத்து நடை முடிவதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது. கடைசி வரைக்கும் அவர் காதோடு சொல்வதுபோலத்தான் பேசிக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் கூண்டுகள் காலியாகக் கிடந்தன. பெரிய கொட்டாய் கிணற்றுக்கு அந்தப் பக்கம், எட்டத்தில் இருந்தது. மிரள்வதற்கு அங்கே ஒரு கோழி கிடையாது. அப்பாவுக்கு அது மறந்துவிட்டது போலிருக்கிறது, பழக்கத்தில் மெதுவாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு, அவர் விரலைப் பிடித்தபடி நான் நடந்தேன்.